இல்லாத முயலைக் காணவில்லை

"எங்க கம்பெனியில முயலே கிடையாது" என்றார் முதலாளி. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அந்த முயலைக் காணோம்."

தபால்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். ஆச்சரியப்படவில்லை. இருபத்தாறு வருஷம் சைக்கிளில் போய்க் கடிதம் கொடுத்தவர் அவர். இல்லாத வீட்டுக்கு வந்த கடிதம், இறந்தவருக்கு வந்த வாழ்த்து எல்லாம் பார்த்தவர். முகவரி சரியில்லாத உறையைக்கூடச் சரியான ஆள் கையில் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுவார். அந்தப் பழக்கம்தான் பின்னால் துப்பறியும் தொழிலானது. தொழில் மாறினாலும் பட்டப்பெயர் மாறவில்லை.

பக்கத்து நாற்காலியில் அவருடைய உதவியாளர் உட்கார்ந்திருந்தாள். மனைவியின் தங்கை. பதினோரு வருஷம் அழகு நிலையம் நடத்தி மூடியவள். மூடியது நிலையத்தை மட்டும்தான், வாயை அல்ல. ஊருக்கு அவள் பியூட்டி.

"இல்லாத முயல் காணாமப் போனா கணக்கு சரியாத்தானே சார் இருக்கு? இதுக்கு எதுக்கு எங்களைக் கூப்பிட்டீங்க?"

முதலாளி சிரிக்கும் நிலையில் இல்லை. சுவரைக் காட்டினார். சுவர் அகலத்துக்கு ஒரு விளம்பரப் படம். அதில் பஞ்சுப் பொதி மாதிரி ஒரு வெள்ளை முயல். கீழே கொட்டை எழுத்தில்: 'இவர்கள் என்னைத் தொடவே இல்லை!'

"மிருகங்கள் மேல சோதனை பண்ணாத முகக் க்ரீம். அதான் எங்க பெருமை. இன்னிக்கு நாலு மணிக்கு வெளியீட்டு விழா. இருநூறு விருந்தாளி, பத்திரிகைக்காரங்க எல்லாம் வராங்க. மேடையில என் பொண்ணு முதல் டப்பாவைத் திறந்து முகத்தில தடவிக்கணும், மடியில அந்த முயல் உக்காந்திருக்கணும். படம் பிடிக்கிறதுக்கு மட்டும் பத்து நாளா ஸ்டூடியோவில வச்சிருந்தோம். காலையில பாத்தா கூடையோட காணோம்."

"போலீஸ்?"

"எப்படி ஐயா போறது? 'முயலைத் தொடாத கம்பெனி முயலைத் தொலைத்தது'ன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். இங்க வேலை செய்யறவங்க யாரும் முயல்ங்கிற வார்த்தையையே சொல்லக் கூடாதுன்னு உத்தரவு போட்டிருக்கேன்."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றார் தபால்காரர்.

"சந்தேகமே இல்ல. ஆய்வகத்து அம்மாதான். தோலம்மான்னு கூப்பிடுவோம். போன வாரமே வந்து 'முயல் காது சிவந்திருக்கு'ன்னு சண்டை. எடுத்து ஒளிச்சு வச்சிருக்காங்க."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து நீட்டினார். "வேலை நீக்கக் கடிதம். நாலு மணிக்குள்ள முயல் வந்தா கிழிச்சுப் போட்டுடுங்க. வரலைன்னா அவங்க கையில கொடுத்துடுங்க. உங்களுக்குப் பழக்கமான வேலைதானே?"

தபால்காரர் உறையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். வாழ்நாளில் எத்தனையோ கெட்ட சேதிகளைச் சுமந்தவர்தான். ஆனால் எந்த உறையும் இவ்வளவு கனத்ததில்லை.

அந்த நேரம் கதவு திறந்தது. விளம்பரப் பிரிவைக் கவனிக்கும் மாப்பிள்ளை உள்ளே வந்தார். முதலாளியின் மகளைக் கட்டியவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் வெள்ளைக் கையுறை.

"கிடைச்சிடுமா சார்? எப்படியாவது கண்டுபிடிங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். முயலை மட்டும் தூக்கிட்டு வந்துடாதீங்க. அந்தக் கூடையோட கொண்டு வாங்க. உள்ளே இருக்கிற வைக்கோல்கூடச் சிந்தக் கூடாது. அந்த வைக்கோல் இல்லாட்டி அது சாப்பிடாது, தூங்காது, பாவம்."

அறையை விட்டு வெளியே வந்ததும் பியூட்டி பெருமூச்சு விட்டாள். "எவ்வளவு நல்ல மனசு அத்தான்! என் வீட்டுக்காரருக்கு நான் எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கறேன்னே தெரியாது."

தபால்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை.

*

ஸ்டூடியோவில் நான்கு விளக்குகள் ஒரு சின்ன மேஜையைச் சுற்றி நின்றன. பியூட்டி ஒரு விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு உடனே அணைத்தாள். அடுப்பங்கரையில் நிற்பது போலச் சுட்டது. மேஜைமேல் வெள்ளைத் துணி, திறந்த க்ரீம் டப்பா, பெரிய பவுடர் பிரஷ். கூடை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு அழுத்தம் மட்டும் மிச்சம்.

பியூட்டி பிரஷ்ஷை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். நாரிடுக்கில் வெள்ளை முடிகள். டப்பாவை மோந்து பார்த்துத் தும்மினாள்.

"அத்தான், இது முயல் முடி. முயலுக்கு மேக்கப் போட்டிருக்காங்க. படத்தில இன்னும் வெள்ளையாத் தெரியணும்னு இந்தக் க்ரீமையே பூசியிருக்காங்க. அம்மாடி, என்ன வாசனை! பத்துப் பூக்கடையை ஒரு டப்பாவில அடைச்சு மூடின மாதிரி."

"'இவர்கள் என்னைத் தொடவே இல்லை'" என்று தபால்காரர் மெதுவாகப் படித்தார். இங்கேயும் சுவரில் அதே படம்.

"தொடலையே அத்தான். பிரஷ்ஷாலதானே பூசினாங்க!"

அவர் குனிந்து துணியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடை இருந்த வட்டத்தின் விளிம்பில் நான்கு ஊதா நிறத் தடங்கள் வரிசையாக இருந்தன. யாரோ கூடைமேல் குனிந்துவிட்டு, கையை மேஜையில் ஊன்றி நிமிர்ந்திருக்கிறார்கள்.

"லிப்ஸ்டிக்கா?"

பியூட்டி நகத்தால் சுரண்டினாள். "லிப்ஸ்டிக்னா ஈஷிக்கும். இது சாயம். ஊறிப் போயிருக்கு."

*

ஆய்வகத்துக்கு ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கட்டடத்திலேயே அழகான இடம் அதுதான். விருந்தாளிகள் வெளியே நின்று பார்த்து வியப்பதற்கு வசதியாக நாலு சோபாவும் போட்டிருந்தார்கள். உள்ளே எழுதப்படும் அறிக்கைகளைப் படிப்பதற்குத்தான் எங்கும் நாற்காலி இல்லை.

தோலம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. அழுத முகம். ஆனால் கை மட்டும் அழாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

"நான் எடுக்கல சார். எடுத்திருந்தா எடுத்தேன்னு சொல்லியிருப்பேன்."

"நம்பறேன்மா. இங்க என்ன வேலைன்னு சொல்லுங்க."

அவர் ஒரு தட்டைக் காட்டினார். உள்ளங்கை அளவு. அதில் பன்னிரண்டு குழிகள், ஒவ்வொன்றிலும் பொத்தான் அளவில் ஒரு வில்லை.

"இது மனுஷத் தோல். ஆபரேஷன்ல மிச்சமாகிற தோலைச் சம்மதிச்சுக் கொடுப்பாங்க. அதிலிருந்து எடுத்து இங்க வளர்க்கறோம். இது மேல க்ரீமைப் பூசுவோம். கழுவிட்டு ஒரு மஞ்சள் மருந்தை ஊத்தி மூணு மணி நேரம் வச்சா, உயிரோட இருக்கிற தோல் அதை ஊதாவா மாத்திடும். செத்துப் போயிருந்தா வெளுப்பாவே இருக்கும். அவ்வளவுதான் சார். யாரும் கதற வேண்டாம்."

"ஊதான்னா பிழைச்சது" என்றாள் பியூட்டி. "எங்க பார்லர்ல தலைகீழ். கஸ்டமர் முகம் ஊதாவாச்சுன்னா நாங்க பின்வாசல் வழியா ஓடணும்."

தோலம்மா தன்னை மறந்து சிரித்துவிட்டார். உடனே முகம் பழையபடி மாறியது. "முன்னாடி வேற கம்பெனியில இருந்தேன். முயல் கண்ணில சொட்டு விடற வேலை. கண்ணைத் துடைச்சு விடக் கூடாது, அதுதான் அங்க சட்டம். முந்நூத்திப் பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ண முடியல, வேலையை விட்டுட்டேன். இந்தத் தட்டுகளோட இருக்கலாம்னுதான் பாதிச் சம்பளத்துக்கு இங்க வந்தேன். இதுவும் போச்சுன்னா இந்த வயசில எனக்கு யார் சார் தோல் வளர்க்க இடம் கொடுப்பாங்க?"

தபால்காரரின் கை சட்டைப் பையைத் தொட்டு விலகியது.

"முயல் காதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நெருப்புப் பட்ட மாதிரி சிவந்திருந்தது. எனக்குப் புரியல. ஏன்னா இந்தக் க்ரீமை நானேதான் சோதிச்சேன், பன்னிரண்டு வில்லையும் ஊதா. அப்புறம் எப்படிப் புண்ணாகும்? ஸ்டூடியோ டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்து வந்தேன். ஒரே தட்டுல ஆறு வில்லைக்கு நான் பாஸ் பண்ணின பழைய க்ரீம், ஆறு வில்லைக்கு அந்த டப்பா க்ரீம். நேத்து ரெண்டு மணிக்கு மருந்து ஊத்தி உள்ள வச்சேன். அஞ்சு மணிக்கு எடுக்க வந்தா தட்டே இல்ல."

"முதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். இன்னிக்குக் காலையிலதான். 'முயலை விட்டுட்டுத் தட்டைத் தேடச் சொல்றீங்களா'ன்னு கத்தினார்."

"இந்தச் சோதனை நடக்கறது யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். சாயங்காலம் தெரிஞ்சிடும்னு நானே எல்லார்கிட்டயும் சொன்னேன். மறைக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?"

நல்லவர்கள் செய்கிற ஒரே தப்பு இதுதான். தங்களிடம் மறைக்க ஒன்றுமில்லாததால், மற்றவர்களிடமும் இருக்காது என்று நினைத்துவிடுகிறார்கள்.

தபால்காரர் கடைசியாக ஒன்று கேட்டார். "அந்த ஊதா கையில பட்டா?"

"நாங்க கையுறை போட்டிருப்போம். வெறும் கையில பட்டா எந்த சோப்புக்கும் போகாது. ரெண்டு மூணு நாள் இருக்கும்."

*

"சுலபம் அத்தான்" என்றாள் பியூட்டி, நடைபாதையில். "ஊதாக் கை யாருதுன்னு பாத்தாப் போச்சு."

சுலபமாக இல்லை. அட்டைப்பெட்டி ஒட்டும் பெண்கள் வெள்ளைக் கையுறையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வெள்ளைக் கையுறையோடு வண்டி துடைத்தார். தேநீர் கொண்டு வந்தவரும் கையுறை. அதைக் குடித்தவரும் கையுறை.

"என்னங்க இது, எல்லாருக்கும் ஒரே நாள்ல சொறியா?" என்றாள் பியூட்டி.

தேநீர் கொண்டு வந்தவர் அறிவிப்புப் பலகையைக் காட்டினார். முதலில் கண்ணில் பட்டது ஒரு படிவம்: 'புதிய க்ரீம் பற்றி நாற்பது ஊழியர்களின் கருத்து.' இரண்டே கட்டங்கள். ஒன்றில் 'அருமை', இன்னொன்றில் 'மிக அருமை'. நாற்பது பேரும் ஏதாவது ஒன்றில்தான் குறி போட்டிருந்தார்கள். பக்கத்தில் புதிதாக ஒரு தாள்: 'வெளியீட்டு விழாவை முன்னிட்டு நாளை காலை முதல் அனைவரும் வெள்ளைக் கையுறை அணிய வேண்டும். தூய்மையே நம் அடையாளம். விளம்பரப் பிரிவு.'

தபால்காரர் தாளின் அடியைப் பார்த்தார். எந்தக் கடிதத்திலும் அவர் முதலில் பார்ப்பது தேதியையும் நேரத்தையும்தான். முந்தின நாள், மாலை ஆறு மணி.

"அஞ்சு மணிக்குத் தட்டைக் காணோம். ஆறு மணிக்குக் கையுறை உத்தரவு."

"மாப்பிள்ளையா? ஆனா முயலுக்காக உருகினாரே அத்தான்! அவரே எடுத்திருந்தா எதுக்குத் தேடச் சொல்லணும்?"

"முயலை அவர் எடுக்கல. வா, வாசலுக்குப் போவோம். எந்தச் சாமான் வெளியே போனாலும் வாசலைத் தாண்டித்தானே போகணும்?"

வாசலில் பகல் காவலாளி ஒரு தடித்த பதிவேட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் எழுதாமல் ஒரு ஊசிகூட வெளியே போக முடியாது.

"இதைக் காலையிலிருந்து யாராவது பாத்தாங்களா?" என்று பதிவேட்டைக் காட்டிக் கேட்டார் தபால்காரர்.

"முதலாளி வந்தாருங்க. 'ஏதாவது வெளியே போச்சா'ன்னு கேட்டாரு. என்னதுங்க ஐயான்னேன். 'அதைச் சொல்ல முடியாது'ன்னாரு. அப்ப நானும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்கன்னேன்."

தபால்காரர் ஏட்டைத் திருப்பினார். முத்து முத்தான கையெழுத்தில் அன்றைய முதல் வரி:

'காலை 6.10. பொருள்: முயல். எண்ணிக்கை: ஒன்று, கூடையுடன். காரணம்: காதில் புண். எடுத்துச் செல்பவர்: இரவுக் காவலாளி. அனுமதித்தவர்: கடவுள். திரும்ப வருமா: '

கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

பியூட்டி இரண்டு தடவை படித்தாள். "அத்தான், திருடன் கையெழுத்துப் போட்டுட்டுத் திருடியிருக்கான். முயல்ங்கிற வார்த்தையைச் சொல்லத்தான் தடை, எழுதத் தடை இல்ல போல!"

*

இரவுக் காவலாளியின் வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கதவைத் திறந்தவருக்கு முகத்தைவிட மீசை பெரிது. வந்தவர்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார், விலங்கு மாட்டச் சொல்வது போல.

"திருடலீங்க. எழுதி வச்சுட்டுத்தான் வந்தேன்."

"பாத்தேன். உங்க கையெழுத்து ரொம்ப அழகு" என்றார் தபால்காரர். நீட்டிய கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றன.

உள்ளே அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய துண்டு, துண்டில் முயல். ஆறவைத்த வெந்நீரில் பஞ்சை நனைத்துக் காது ஓரத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்து, முடி உதிர்ந்து, மெலிதான செதிலோடு இருந்தன. விளம்பரப் படத்தில் இருந்த பஞ்சுப் பொதி இதுதான் என்று சொன்னால் அதன் தாய்கூட நம்பாது.

"பத்து ராத்திரியா ரவுண்டு போறப்பெல்லாம் பாக்கறேங்க" என்றார் மீசை. "காலால காதைப் பிறாண்டிக்கிட்டே இருக்கும். ஒரு சத்தம் போடாது. நாய்னா குரைக்கும், பூனைன்னா கத்தும், யாராவது எழுந்து வருவாங்க. இது கத்தாதுங்க. கத்தத் தெரியாததைப் படைச்சவன், அதைப் பாக்கிற வேலைக்கு ராத்திரியில என்னைத்தானே வச்சிருக்கான்? அனுமதி யாருன்னு ஒரு கட்டம் இருந்துது. வேற யார் பேரை எழுதறதுன்னு தெரியல."

"வேலை போயிடும்னு சொன்னேங்க" என்றார் மனைவி, பஞ்சைப் பிழிந்தபடி. "'போனாப் போவுது, நீ தண்ணியைக் கொதிக்க வை'ன்னுட்டாரு இந்த மனுஷன்."

பியூட்டி அவர் பக்கத்தில் போனாள். கீழே உட்கார்ந்து துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மூலையில் கூடை இருந்தது. தபால்காரர் அதன் அருகே மண்டியிட்டு, வைக்கோலை மெல்ல விலக்கினார். பிறகு ஒரு சுத்தமான கைக்குட்டையை எடுத்து, அடியில் இருந்த எதையோ சுற்றித் தன் பழைய தபால் பைக்குள் வைத்தார். வைக்கோலை முன்போலவே பரப்பினார். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தினார்.

"கூடையை மட்டும் கடன் கொடுங்க. முயல் இங்கேயே இருக்கட்டும்."

"என்னது?" என்று எழுந்தாள் பியூட்டி. "நாலு மணிக்குள்ள முயலைக் கொண்டு போகலைன்னா தோலம்மா வேலை போயிடும் அத்தான்! வெறும் கூடையைக் கொண்டு போய் என்ன பண்றது?"

"முகவரி தெரியாத கடிதத்தை என்ன பண்ணுவோம் தெரியுமா? எல்லாருக்கும் முன்னால வைப்போம். அது யாருதோ, அவங்களே ஓடி வந்து எடுத்துப்பாங்க."

*

மணி மூன்று நாற்பது. மேடைத் திரைக்குப் பின்னால் முதலாளி கூண்டுக்குள் நடப்பவர் போல நடந்துகொண்டிருந்தார். ஒரு ஓரத்தில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தோலம்மா. மேஜைச் சாமான்களை அவர் ஏற்கெனவே பையில் எடுத்து வைத்துவிட்டது தெரிந்தது. திரையின் இடுக்கு வழியாக மண்டபம் தெரிந்தது. இருநூறு நாற்காலி, ஒவ்வொன்றிலும் ஒரு புது க்ரீம் டப்பா. முதல் வரிசை நடுவில் முதலாளியின் மகள்.

தபால்காரர் கூடையோடு உள்ளே வந்தார். யாரும் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை பாய்ந்து வந்து கூடையைப் பிடுங்கிக்கொண்டார்.

"கிடைச்சிடுச்சு! மாமா, கிடைச்சிடுச்சு! கடவுள் காப்பாத்தினார்!"

கூடையைத் திருப்பிச் சுவரோரம் கொண்டு போனார். துணியை எறிந்தார். வைக்கோலுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பிடி பிடியாக வைக்கோல் தரையில் விழுந்தது. மறுபடி துழாவினார். நெற்றியில் வியர்வை பூத்தது.

முதலாளி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ளை... முயல் எங்கே?"

மாப்பிள்ளையின் கை நின்றது.

"கூடையில முயல் இருக்கான்னு நீங்க பாக்கவே இல்லையே?" என்றார் தபால்காரர். "காலையிலேயே யோசிச்சேன். முயலைத் தேடறவர் எதுக்கு வைக்கோலுக்குக் காவல் கேக்கறார்னு. இதைத்தானே தேடறீங்க?"

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார். தட்டு. தோலம்மா இரண்டே எட்டில் வந்து அதை வாங்கிக்கொண்டார். மூக்கு நுனிக் கண்ணாடியை மேலே தள்ளினார். ஒரு பக்கம் ஆறு வில்லைகள் அழுத்தமான ஊதா. மறுபக்கம் ஆறும் சவக்களையாக வெளுத்திருந்தன.

"நான் பாஸ் பண்ணின க்ரீம் பிழைச்சிருக்கு" என்றார் தோலம்மா. "டப்பாவில இருக்கிறது ஆறையும் கொன்னிருக்கு. ரெண்டும் ஒரே க்ரீம் இல்ல சார்."

"நேத்து சாயங்காலம் இதைப் பாத்தவர் தட்டை எடுத்துட்டார்" என்றார் தபால்காரர். "எங்க ஒளிக்கிறது? இந்தக் கட்டடத்தில முயலே கிடையாது. இல்லாத முயலோட கூடையில யார் வந்து தேடப் போறாங்க? நல்ல இடம்தான். விடிஞ்சதும் எடுத்து எறியலாம்னு வந்தா, அதுக்குள்ள ஒரு புண்ணியவான் முயலுக்கு மருந்து போடக் கூடையோட தூக்கிட்டுப் போயிட்டார்."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். "கொஞ்சம் வாசனை கூட்டினேன், அவ்வளவுதான் மாமா! சோதனை முடிஞ்ச க்ரீம்தானே, வாசனையில என்ன ஆகப் போகுது? வாசனை இல்லாட்டி யார் வாங்குவாங்க?"

"பரீட்சை எழுதினது தம்பி, வேலைக்கு வந்தது அண்ணன்" என்றாள் பியூட்டி.

"தட்டுல இருக்கிற பொத்தான் தோலை வச்சுக்கிட்டு என்ன பேசறீங்க? இது நல்ல க்ரீம். இருநூறு பேர் இன்னிக்குப் பூசிக்கப் போறாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது!"

"ரொம்ப சரி" என்றார் தபால்காரர், திரையின் இடுக்கில் பார்த்தபடி. "உங்க வீட்டம்மாகூட இப்பவே டப்பாவைத் திறந்துட்டாங்க போலிருக்கு. விரல்ல எடுத்துட்டாங்க. கன்னத்துக்குத்தான் கொண்டு..."

"போடாதே!"

திரையைக் கிழிப்பது போல விலக்கிக்கொண்டு மாப்பிள்ளை மேடைமேல் ஓடினார். "போடாதே! அதைப் போடாதே! கீழே வை!"

மண்டபம் அடங்கியது. இருநூறு டப்பாக்களும் பாதி திறந்தபடி நின்றன. முதலாளியின் மகள் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, நிதானமாக எழுந்தாள்.

"மேடையில தடவிக்கிற மாதிரி நடிச்சாப் போதும், நிஜமாத் தொடாதேன்னு காலையில சொன்னீங்க. ஏன்னு கேட்டேன், சொல்லல. இப்ப இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லிட்டீங்க."

ஓடி வந்த வேகத்தில் ஒரு கையுறை கழன்று விழுந்திருந்தது. மாப்பிள்ளையின் நான்கு விரல்களும் ஊதாவாக இருந்தன. தூக்கிய கையை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் காட்டிக் கொடுத்தது சாயம் அல்ல. மனைவியின் கன்னத்தின் மேல் இருந்த பாசம். எவ்வளவு மூடி வைத்தாலும், மனிதனுக்குள் ஒரு இடத்தைக் கடவுள் வெளுக்காமல் வைத்திருக்கிறார். அந்தப் பாசத்தை அவர் இருநூறு நாற்காலிக்கும் ஒரு கூடைக்கும் நீட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதலாளி மேடைக்கு வந்தார். ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "டப்பாக்களைத் தயவுசெய்து நாற்காலியிலேயே வச்சிடுங்க. இன்னிக்கு விழா இல்ல. ஆய்வகத்து அம்மா பாஸ் பண்ணினது வேற, இது வேற. தப்பு எங்களோடது."

திரைக்குப் பின்னால் தபால்காரர் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்தார். முதலாளி வந்ததும் நீட்டினார்.

"மன்னிக்கணும். இந்த முகவரியில இந்தக் கடிதத்துக்கு உரியவங்க யாரும் இல்ல. அனுப்பினவருக்கே திருப்பறேன்."

முதலாளி அதை நாலாகக் கிழித்தார். தோலம்மாவைப் பார்த்துக் கை கூப்பப் போனார்.

"அதெல்லாம் வேண்டாம் சார்" என்றார் தோலம்மா. "ஆய்வகத்துக்குள்ள உங்களுக்கு ஒரு நாற்காலி போடறேன். வாரத்துக்கு ஒரு நாள் வந்து அறிக்கையைப் படிங்க."

*

ஐந்து மணிக்கு எல்லோரும் வாசலுக்கு வந்தபோது, மீசை சீருடையில் நின்றுகொண்டிருந்தார். வேலை நேரம் ஆரம்பிக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தண்டனை என்னவென்று தெரிந்துகொள்ள முன்னதாகவே வந்துவிட்டிருந்தார்.

"ஐயா, ஒரு கட்டம் காலியா இருக்குங்க" என்று பதிவேட்டைப் பிரித்து நீட்டினார். "போன பொருள் திரும்ப வருமா, வராதான்னு எழுதணும். எனக்கு அந்த அதிகாரம் இல்ல."

முதலாளி அந்த வரியை ஆரம்பத்திலிருந்து படித்தார். தன் கட்டடத்தில் யாரும் உச்சரிக்கக் கூடாத வார்த்தை, முத்து முத்தான கையெழுத்தில், காலை ஆறு பத்திலிருந்து அங்கேயே காத்திருந்தது. விழாவுக்காகச் சட்டையில் குத்தியிருந்த முயல் சின்னத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"காது எப்படியிருக்கு?"

"பிறாண்டறதை நிறுத்திடுச்சுங்க. இப்பத்தான் ஒரு கேரட் தின்னுது."

முதலாளி பேனாவை வாங்கினார். காலிக் கட்டத்தில் 'திரும்ப வர வேண்டாம்' என்று எழுதினார். பிறகு 'அனுமதித்தவர்' என்ற கட்டத்தைத் தேடினார். அங்கே எழுதியிருந்ததை அடிக்கவில்லை. அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அந்த இடத்தில், சின்னதாக, தன் கையெழுத்தைப் போட்டார்.